மிக்தாலியா நிரப்பிக் கொடுத்த டிஸ்க்

மிக்தாலியா கோர்தோவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் கியூபாவில் இருக்கும் எங்கள் ஊர் ப்ளாசேத்தாஸில் ஆள் தேடி அலைய வேண்டும். அவள் வீட்டு ஜன்னலில் போய் நிற்காதவர் யாரென்று கேட்டாலும் அதே கதைதான், ஒருத்தரும் தேற மாட்டார்கள். அவள் வாய்க்குப் பயந்துகொண்டே போவோம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வெட்கமே இல்லாமல் மறுபடியும் போய் நிற்போம்.

என்ன செய்வது, பொட்டலம் அவளிடம்தான் இருந்தது. ஹவானாவில் யாரோ வாரா வாரம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் உலகத்துச் சங்கதியெல்லாம் அள்ளிப் போட்டு ஊர் ஊராக அனுப்புவார்கள். துருக்கி சீரியல், கொரியா சீரியல், புதுப் படம், பேஸ்பால், மயாமிக்காரர்களின் வெட்டி அரட்டை, போன வாரம் எவளோ எவனையோ அறைந்த வீடியோ வரைக்கும் அதில் இருக்கும். இதையெல்லாம் நெட்டில் பார்ப்பதென்றால் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வராது. அதனால் ஊரே டிஸ்க்கையும் பென் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு மிக்தாலியாவின் ஜன்னல் கம்பிக்கு முன்னால் வரிசை கட்டும்.

அதற்கு முன்னால் இருபது வருஷம் அவள் ரேஷன் கடையில் நின்றவள். அங்கே அரிசியை அளந்த நேரத்தைவிட ஜனங்களைக் கரித்துக் கொட்டிய நேரம்தான் அதிகம். அந்த வாயை அப்படியே ஜன்னலுக்கும் கொண்டுவந்துவிட்டாள். யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி, அதை வரிசைக்கே கேட்கிற மாதிரி சொல்வதில் அவளுக்கு ஒரு குரூர சந்தோஷம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரைப் பார்த்து, “உங்களுக்கு வழக்கமான அழுகை சீரியல்தானே, வாத்தியாரே?” என்பாள். மனுஷன் டிஸ்க்கை நீட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார்.

ஆனாலும் தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலுக்கு ஒரு சட்டம் இருந்தது. டிஸ்க்கைக் கொடுத்தால் உள்ளே கிடக்கும் பழசை அழித்துவிட்டுப் புதுசை நிரப்பித் தருவாள். சொந்தப் படம், கல்யாண வீடியோ, பெண்ணுக்குப் பதினைந்து வயசு நிறைந்த கொண்டாட்டம் என்று காப்பாற்ற வேண்டியது எதுவும் இருந்தால், ‘தொடாதே’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்க வேண்டும். மிக்தாலியா ஒவ்வொரு டிஸ்க்கையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள். ஃபோல்டர் போடத் தெரியாதவர்கள் வந்தால், இது யாரு, உங்க பேத்தியா, அழிச்சுடவா என்று கத்திக் கேட்பாள். பதினோரு வருஷத்தில் யாருடைய படமும் அவள் கையால் போனதில்லை. அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருப்பித் தரும் டிஸ்க்கில் விரற்கடை இடம்கூடக் காலியாக இருக்காது. கேட்டதைப் போட்டது போக, கேட்காததையும் கொட்டி விளிம்பு வரைக்கும் நிரப்பித் தருவாள். இடம் மிச்சம் வைத்துத் தருவது எடை குறைத்துப் போடுகிற மாதிரி என்பாள்.

ஓஸ்னியெல் அவளுடைய ஒரே மகன். திங்கள்கிழமை தோறும் மோட்டார் பைக்கில் சாந்தா கிளாராவுக்குப் போய்ப் புதுப் பொட்டலத்தை வாங்கி வருவது அவன் வேலை. அவன் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் தைனேரிஸைக் கட்டிக்கொண்டான்.

தைனேரிஸ் பெண்களுக்கு நகம் வைத்துச் சாயம் பூசுகிறவள். அவளுடைய அண்ணன் உருகுவே நாட்டில், மோன்தெவிதேயோவில் இருக்கிறான். தங்கச்சி போனுக்கு அங்கிருந்தே ரீசார்ஜ் செய்துகொண்டே இருப்பான். ஆகவே ஊரில் எல்லோரும் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிற டேட்டா அவளிடம் தாராளமாகப் புழங்கியது. எடுக்கிற போட்டோ, வீடியோ எல்லாம் அவள் போனிலிருந்து தானாகவே கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துவிடும். ஓஸ்னியெலின் போனையும் அப்படியே மாற்றிவைத்தாள். மிக்தாலியாவுக்கு வந்ததே எரிச்சல்! சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டைதான். கையில் பிடிக்க முடியாத இடத்தில், முகம் தெரியாதவன் வீட்டில், நம் குடும்பப் படத்தைக் கொண்டுபோய் வைப்பாளாமே, அவன் ஒருநாள் கியூபாக்காரனுக்குக் கதவு கிடையாது என்று சாத்தினால் என்ன செய்வாள் என்று மகனைப் பார்த்து மருமகளுக்குச் சொல்லுவாள். தைனேரிஸ் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. உங்கள் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தாலே போச்சு அத்தே, என்னுடையது இந்த வீடே இடிந்து விழுந்தாலும் இருக்கும் என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். வீடு இடியட்டும் என்று நினைக்கிறாயா என்று அதிலிருந்து அடுத்த சண்டை கிளம்பும்.

ஒருநாள் ஓஸ்னியெல் வாயைத் திறந்தான். திறக்காமல் இருந்திருக்கலாம்.

“அம்மா, அவ சொல்றது சரிதான். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா இந்த ஜன்னலுக்கு ஒருத்தனும் வர மாட்டான். நீயா மூடுறதுக்கு முன்னாடி அதுவா மூடிக்கும்” என்றான்.

மகன் அப்படிச் சொன்னதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஜன்னலில் நின்றுதானே உனக்குச் சோறு போட்டேன், பைக் வாங்கித் தந்தேன் என்று ஆரம்பித்தவள், பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற உனக்கு இனி இந்த வீட்டில் என்ன வேலை என்று முடித்தாள். அந்த வாரமே இரண்டு பேரும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தைனேரிஸின் அம்மா வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். முதல் ஒரு மாதம் ஓஸ்னியெல் அம்மாவின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். மொத்தம் ஒன்பது. மிக்தாலியா ஒன்றைக்கூடக் கேட்காமல் அழித்தாள். பிறகு அவனும் விட்டுவிட்டான்.

அந்தக் கோடையில் இன்னொரு சங்கதி நடந்தது. இது ஊரில் யாருக்கும் தெரியாது. பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்து, திடீரென்று எகிறிக்கொண்டு வந்தது. அப்போது மாட்டியிருந்த டிஸ்க் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அது பொட்டலம் இல்லை, குடும்ப டிஸ்க். ஓஸ்னியெல் பள்ளிக்கூடத்தில் பேசியது, பைக் வாங்கிய அன்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு சுற்றியது, கல்யாணம் எல்லாமே அதில்தான் இருந்தது. எதையும் இரண்டு இடத்தில் வை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தன்னுடையதை ஒரே இடத்தில் வைத்திருந்தாள். ரிப்பேர் பார்க்கக் கொடுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும், அப்புறம் ஜன்னலுக்கு என்ன மரியாதை இருக்கும்? அதனால் யாருக்கும் மூச்சுவிடாமல், அந்தச் செத்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் ஓஸ்னியெல் ஃபால்கோன் பக்கம் நெடுஞ்சாலையில் ராத்திரி நேரத்தில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் வண்டியில் மோதி இறந்துபோனான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயசு.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் மிக்தாலியா சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தைனேரிஸ் அந்தப் பக்கம். காப்பி கொண்டுவந்தவள் இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தாளே தவிர, இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மகனைக் கொன்றவள் இவள்தான் என்று மிக்தாலியா மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள். என் ஜன்னல் வேலையிலேயே இருந்திருந்தால் அவன் எதற்கு அந்த நேரத்தில் அந்தச் சாலையில் கூலிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கப் போகிறான்? நியாயமில்லாத பேச்சுதான். ஆனால் அவளிடம் யார் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகத்துக்குக் குறைவில்லை, சட்டம் போட்ட போட்டோ ஏழெட்டு சுவரில் இருந்தன. ஆனால் குரல் எங்குமே இல்லை. கொஞ்சம் கரகரப்பு, சிரித்தால் இருமல் மாதிரி வரும், அது நினைவிருந்தது. மார்ச் மாதம் போய் ஏப்ரல் வந்தபோது அதுவும் மங்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். மனசுக்குள் கேட்டது அவளுடைய குரலாகவே இருந்தது. அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் செம அர்ச்சனை. என்ன காரணம் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

குரல் தைனேரிஸிடம் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாய்விட்டுக் கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் கேட்பதா, அவளிடமா? நாக்கை அறுத்துக்கொள்வாள், கேட்க மாட்டாள்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை எனெய்தா ஜன்னலுக்கு வந்தாள். எனெய்தா எங்கள் தெருமுனையில் வறுத்த கடலை விற்கிறவள், நல்லவள், பயந்த சுபாவம். கையில் ஒரு கறுப்பு டிஸ்க் இருந்தது. இது யாருடையது என்று மிக்தாலியா கேட்டாள். தைனேரிஸோடது, மிக்தாலியாக்கா, அவ என்ன சொன்னான்னா என்று எனெய்தா ஆரம்பித்தாள். ஆரம்பித்ததோடு சரி. தைனேரிஸ் என்ற பேர் காதில் விழுந்ததுமே மிக்தாலியாவுக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. புருஷன் செத்து நாலு மாசம் ஆகவில்லை, அதற்குள் மகாராணிக்குச் சீரியல் பார்க்க ஆசை வந்துவிட்டதா, கிளவுட் என்ன ஆச்சாம், அங்கே துருக்கிக்காரி அழ மாட்டாளாமா என்று பொரிந்து தள்ளி, டிஸ்க்கைக் கம்பி வழியாகப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். எனெய்தா மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

டிஸ்க்கை மாட்டினாள் மிக்தாலியா. தெருவில் எந்தப் பேர் தெரியாதவன் கொண்டுவந்தாலும் திறந்து பார்க்கிறவள், அன்றைக்குத் திறக்கவில்லை. இவளுடையதை எதற்குப் பார்க்க வேண்டும், எப்படியும் பல்லைக் காட்டிக்கொண்டு கடற்கரையில் எடுத்த படமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஒரே அழுத்தில் மொத்தத்தையும் துடைத்தாள். பிறகு பொட்டலத்திலேயே ஆகக் கேவலமானது எது எது என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். எண்ணூறு பகுதி ஓடும் சீரியல், குடும்பச் சண்டை நிகழ்ச்சி, இளைப்பதற்கு மாத்திரை விற்கிற விளம்பரம் என்று விளிம்பு வரைக்கும் கொட்டினாள். சனிக்கிழமை எனெய்தாவைக் கூப்பிட்டு, கொண்டுபோய்க் கொடு, நன்றாக உட்கார்ந்து பார்க்கச் சொல் என்று கொடுத்தனுப்பினாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அக்டோபரில் ஊருக்குள் செய்தி பரவியது. தைனேரிஸ் போகிறாள். கயானாவுக்கு விமானம், அங்கிருந்து பிரேசில் வழியாகத் தரைமார்க்கமாக அண்ணனிடம். போகிறவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி அவளும் வீட்டு வாசலைத் திறந்துபோட்டு இருக்கிற சாமானையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள். மின்விசிறி, பிரஷர் குக்கர், கட்டில் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. ஓஸ்னியெலின் போனும் போய்விட்டது என்று கணக்கு வாத்தியார் ஜன்னலில் நின்றுகொண்டு பேச்சுவாக்கில் சொன்னார். மிக்தாலியா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டாள். வரிசையை நிற்கவைத்துவிட்டு, வீட்டில் போடும் பூப்போட்ட அங்கியோடு, ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள்.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் சாமான்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எனெய்தாவும் ஒரு வாணலியை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்தாலியா எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றாள். அந்த வாசல்படியை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

“ஓஸ்னியெல் போன் எங்கடி?”

“வித்துட்டேன். கபைகுவான் ஊர்க்காரன் ஒருத்தன் எடுத்துட்டுப் போனான்” என்றாள் தைனேரிஸ். தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“உள்ள இருந்ததெல்லாம்?”

“அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். யாரோ ஒருத்தன் கையில அவன் மூஞ்சியோடயா குடுப்பாங்க? எல்லாம் கிளவுட்ல இருக்கு. நான் எங்க போனாலும் எங்கூட வரும்.”

அவ்வளவுதான், மிக்தாலியா பிடித்துக்கொண்டாள். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய், உயிரோடு திருப்பித் தரவில்லை. இப்போது அவன் குரலையும் எவன் வீட்டுப் பரணிலோ ஏற்றிவைத்துவிட்டு விமானம் ஏறப்போகிறாய். இங்கே கரண்ட் போனால் சிக்னல் போகிறது, சிக்னல் வந்தால் டேட்டா தீர்கிறது, அந்தக் கிளவுடை நான் எப்படியடி எட்டிப் பிடிப்பது? நான்தான் அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு டிஸ்க்கில் போட்டுவை என்று! பெற்றவளுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா? அக்கம்பக்கத்தார் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்தாலியாவுக்கு அது பழக்கம்தான், ஆள் கூடினால் அவள் குரல் இன்னும் ஏறும்.

தைனேரிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்குக் குடுத்தேன் அத்தே. ஜூன் மாசம், எனெய்தாகிட்ட, கறுப்பு டிஸ்க்கு. அவன் போன்ல இருந்தது, கிளவுட்ல இருந்தது, ஒண்ணு விடாம அதுல போட்டேன். எங்க அண்ணன் போட்ட ரீசார்ஜ் மொத்தமும் அதுக்கே போச்சு. பதினோரு நாள் உக்காந்து இறக்கினேன். அத்தைக்குக் கையில பிடிக்கிற மாதிரி இருந்தாத்தான் பிடிக்கும், வச்சுக்கட்டும்னு சொல்லி அனுப்பினேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “சனிக்கிழமை திரும்பி வந்துச்சு. என்னடா திருப்பி அனுப்பிட்டாங்களேன்னு திறந்தேன். எவளோ துருக்கிக்காரி அழுதுட்டிருக்கா.”

வாணலியோடு நின்ற எனெய்தாவை மிக்தாலியா பார்த்தாள்.

“நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், மிக்தாலியாக்கா” என்றாள் எனெய்தா, அழுகிற குரலில். “நீங்க ஜன்னலைச் சாத்திட்டீங்க. சரி, அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்போலன்னு நெனச்சுப் போயிட்டேன்.”

மிக்தாலியா எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடினாள். விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியின் முதுகு கைக்கு வந்தது. “நான் அதைத் திறந்தே பார்க்கல” என்றாள்.

“திறந்து பார்க்கலையா?”

“உன்னோடதுன்னு சொன்னா. அதனால பார்க்கல.”

தைனேரிஸ் அவளுக்கு நேரே வந்து நின்றாள்.

“இத்தனை நாளா வேணும்னே அழிச்சீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். பெத்தவ, பார்க்கத் தாங்காம ஏதோ வெறியில செஞ்சுட்டாங்கன்னு எங்க அம்மாகூட சொன்னாங்க. நீங்க பார்க்கவே இல்லையா? ஊர்ல யார் டிஸ்க்கு வந்தாலும் திறந்து பார்ப்பீங்க. இது அதைவிட மோசம் அத்தே.” உள்ளே போய் அந்தக் கறுப்பு டிஸ்க்கை எடுத்துவந்து நாற்காலியின் மேல் போட்டாள். “நீங்க நிரப்பினப்புறம் நான் இதுல எதையும் போடவே இல்ல. எடுத்துட்டுப் போங்க.”

மிக்தாலியா எடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலில் வரிசை அப்படியே நின்றிருந்தது. எல்லோரையும் போகச் சொன்னாள். திட்டாமல் சொன்னாள் என்பதால்தான் எங்களுக்கு விஷயம் பெரிது என்று புரிந்தது.

அழித்ததைத் தோண்டி எடுக்கிற புரோகிராம் ஒன்று அவளிடம் உண்டு. எத்தனையோ பேருக்கு எத்தனையோ படங்களை அதை வைத்து மீட்டுக் கொடுத்திருக்கிறாள். அழித்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் பழசு அடியில் அப்படியே கிடக்கும். கொஞ்சம் எழுதியிருந்தால் மிச்சமாவது கிடைக்கும். அவளோ விரற்கடை இடம் விடாமல் எழுதியிருந்தாள். கரண்ட் வரும்போதெல்லாம் போட்டு, போகும்போதெல்லாம் நிறுத்தி, ஒன்பது நாள் தோண்டினாள். வந்ததெல்லாம் அவள் கொட்டிய குப்பைதான். ஓஸ்னியெலுடைய ஒரு பேர், ஒரு தேதி, அரை முகம்கூட அகப்படவில்லை. மற்றவர்கள் மாதிரி அவளும் வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால் ஏதாவது தேறியிருக்கும். பத்தாவது நாள் தைனேரிஸ் போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

டிசம்பர் முழுக்க மிக்தாலியா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். வாத்தியாரைக்கூடக் கிண்டல் செய்யவில்லை, அவருக்கே அது சங்கடமாக இருந்தது. ஜனவரியில் எனெய்தாவிடம் தைனேரிஸின் புது நம்பரை வாங்கினாள். ஒரு செய்தி அனுப்ப அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. ‘நான் மிக்தாலியா. கிளவுட்ல இருக்கிறதைப் பார்க்க பாஸ்வேர்டு குடு.’ குடு என்பதற்குப் பக்கத்தில் வேறு எதையும் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

‘பாஸ்வேர்டு தர மாட்டேன். உங்க கைக்கு வந்தது என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். கேட்டா ஒண்ணு அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும் நீங்கதான் கேக்கணும். நானா அனுப்ப மாட்டேன்.’

பாதகி, என்னைப் பிச்சை எடுக்கவைத்துப் பார்க்கிறாள் என்று மிக்தாலியா இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து நடந்து திட்டினாள். நன்றாகவே திட்டினாள், பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியது. மூன்றாவது நாள் கேட்டாள்.

ஒரு வீடியோ வந்தது. ஒன்றேகால் நிமிஷம். காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் சிக்னல் பிடிக்கிற இடம் தேடி மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மேல் போனை வைத்துக்கொண்டு நின்றாள். அது இறங்கி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, அங்கியின் நுனியைத் தூக்கி நிழல் பிடித்துக்கொண்டாள்.

ஏதோ பிறந்தநாள். தைனேரிஸின் அம்மா வீட்டுக் கூடம், ஏழெட்டுப் பேர், பியர் டப்பாக்கள். நடுவில் ஓஸ்னியெல் பூப்போட்ட மேசைவிரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறான். அடுப்பங்கரையிலிருந்து கொண்டுவந்த கம்பித் தட்டை ஜன்னல் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். “யாருய்யா அது, டிஸ்க்கை நக்கி எடுத்துட்டு வந்தியா, இவ்வளவு அழுக்கா இருக்கு? என்ன வேணும், அழுகையா, சண்டையா? உன் மூஞ்சிக்கு ரெண்டும் போட்டுத் தரேன், தள்ளி நில்லு!” இழுப்பு, முக்கல், கடைசியில் மூக்கை உறிஞ்சுவது எல்லாம் அச்சு அசல் அவளேதான். கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. தைனேரிஸ் எடுக்கிறாள் போல, படம் குலுங்குகிறது. அவன் தட்டைக் கீழே இறக்கி, அந்த இருமல் சிரிப்போடு நேராகப் பார்த்துச் சொல்கிறான்: “இதை எங்க அம்மாகிட்ட மட்டும் காட்டிடாதீங்கப்பா. பார்த்தா என்னையும் சேர்த்து அழிச்சுடுவா.” அதோடு முடிந்துவிட்டது.

முதல் தடவை பார்த்தபோது மிக்தாலியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆயிரக்கணக்கில் இருக்கும்போது தேடித் தேடி இதை எடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று புரிந்தது. அடுத்ததும் இப்படித்தான் வரும், அதற்கடுத்ததும் இப்படித்தான் வரும். என் பிள்ளை என்னை இப்படியா ஊர் சிரிக்கவைத்தான் என்று தொட்டிச் சுவரில் கையால் ஓங்கி அடித்தாள்.

இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு நாலைந்து தடவை கேட்டாள். அம்மா என்ற வார்த்தை வருகிற இடத்தை மட்டும் பின்னால் தள்ளித் தள்ளி, பேட்டரி சிவப்புக்கு வரும்வரை கேட்டாள். அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், அவன் உறிஞ்சிய மாதிரியேதான் இருந்தது.

சிக்னல் போவதற்குள் மோன்தெவிதேயோவுக்கு எழுதினாள்: ‘கிடைச்சுது. இன்னொண்ணு அனுப்பும்மா. சத்தம் இருக்கிறதா பார்த்து அனுப்பு. என்னைத் திட்டுறதா இருந்தாலும் பரவால்ல.’